ஈரத்தலை

ஐம்பத்திரண்டு வயதில்தான் யாஸ்னாவுக்குத் தன் உடம்பு தன்னுடையது என்று தெரிந்தது. அதுவரை அது செர்பியாவின் நோவி சாத் நகரப் பேருந்து நிலையத்துக்குச் சொந்தமாக இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டு கொடுத்துக் கொடுத்து அவள் முதுகு நாற்காலியின் வடிவத்துக்கே வந்துவிட்டிருந்தது. மீதி நேரத்தில் அது புதிமிருக்குச் சொந்தம். புதிமிர் அவளுடைய கணவன். நல்லவன்தான். குடிப்பதும் அளவோடுதான், கை நீட்டியதில்லை. எங்கள் ஊரில் ஒரு கணவனிடம் இதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

இந்த நிலையில்தான் எதெல்கா வந்து சேர்ந்தாள். அக்டோபர் மாதக் காலை. சீட்டு வாங்க வந்தவளின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாஸ்னா பதறிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஐயோ மேடம், இந்தக் குளிர்ல ஈரத்தலையோடயா வெளிய வருவாங்க? செத்துருவீங்க!"

"இருபது வருஷமா இப்படித்தான் செத்துக்கிட்டிருக்கேன். இன்னும் முடியல. சோம்போருக்கு ஒண்ணு குடுங்க."

எங்கள் ஊர்க்காரர்கள் போரைப் பார்த்திருக்கிறார்கள், குண்டு விழுந்து பாலம் உடைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் அசராதவர்கள், எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டு திறந்திருந்தால் மட்டும் நடுங்கிப்போவார்கள். நடுவே ஓடும் அந்தக் காற்றுதான் காதுவலிக்குக் காரணம், இடுப்புப் பிடிப்புக்குக் காரணம், பிள்ளை பிறக்காததற்கும் காரணம். வெறுங்காலோடு தரையில் நடந்தால் சிறுநீரகம் போய்விடும். ஈரத்தலையோடு வாசலைத் தாண்டினால் மூளையே உறைந்துவிடும். யாஸ்னாவும் இதை நம்பித்தான் வளர்ந்தாள், தன் மகளையும் அப்படித்தான் வளர்த்தாள். ஆகஸ்ட் வெயிலில்கூடக் கூண்டின் பின்ஜன்னலைச் சாத்தி வைத்துவிட்டு உள்ளே வெந்துகொண்டிருப்பாள்.

எதெல்கா ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். புருஷனை விட்டுப் பிரிந்தவள், யாஸ்னாவைவிட மூன்று நான்கு வயது மூத்தவள், ஹங்கேரியக்காரி. வாரா வாரம் சோம்போரில் இருக்கும் அண்ணனைப் பார்க்கப் போவாள், வாரா வாரம் கண்ணாடிக்கு முன் நின்று சொட்டுவாள்.

"ஆத்துலருந்துதான் வரேன். நாங்க அஞ்சாறு பொம்பளைங்க தினமும் இறங்குறோம். நீங்களும் வாங்களேன்."

"நானா? நான் இறங்கினா டான்யூப் கரைய உடைச்சிடும்."

"உடைக்கட்டும். உங்க பஸ் ஸ்டாண்டக் கழுவி ரொம்ப நாளாச்சு."

குளிர்காலம் முழுக்க இந்தப் பேச்சு ஓடியது. அடுத்த ஜூனில் ஒருநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில், யாஸ்னா யாருக்கும் சொல்லாமல், பைக்குள் நீச்சலுடையோடு ஆற்றங்கரைக்கு நடந்துபோனாள். நீச்சலுடை பழசு, மகள் சிறுமியாக இருந்தபோது வாங்கியது. இடுப்பில் அது கடித்தது. தண்ணீர் முட்டியைத் தொட்டபோது திரும்பி ஓடிவிடலாம் என்றிருந்தது. மார்பைத் தொட்டபோது வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. கூட இருந்த பெண்கள் கைதட்டினார்கள். அப்புறம் அவள் நீந்தினாள். சின்ன வயதில் கற்றது, கைகால்கள் மறக்கவில்லை. வெளியே வந்து கரையில் உட்கார்ந்தபோது தோல் முழுக்கக் குறுகுறுத்தது. காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

அந்தக் கோடையில் அவளுக்கு என்னென்னவோ நடந்தது. இரவில் மாத்திரை போடாமல் தூங்கினாள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. பசி என்றால் என்ன என்பது திரும்பத் தெரிந்தது. ரொட்டியும் தக்காளியும் தின்னும்போது வாய்க்குள் ஏதோ திருவிழா நடப்பதுபோல இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று தன் தொடைகளைப் பார்த்து, 'நீங்கள் பரவாயில்லை' என்று வாய்விட்டுச் சொன்னாள். இருபது வயதில்கூட அவள் அவற்றை அப்படிப் பாராட்டியதில்லை. எடை பெரிதாகக் குறையவில்லை. குறைக்கவேண்டும் என்ற எண்ணமும் போய்விட்டது. உடம்பு என்பது சுமந்து திரிய வேண்டிய மூட்டை என்று நினைத்திருந்தவளுக்கு, அது ஏறி உட்கார்ந்து சவாரி போகக்கூடிய ஒன்று என்று தெரிந்துவிட்டது. செப்டம்பர் வந்தது, அவள் நிறுத்தவில்லை. நவம்பர் வந்தது, கையுறையும் குல்லாயும் போட்டுக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது இனி இது ஒன்றுதான்.

மகிழ்ச்சியாக இருப்பவளை வீட்டில் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது புதிமிருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"யாருக்காக இதெல்லாம்?" என்று ஒருநாள் கேட்டான்.

"எனக்காக."

"உனக்காகவா!" விழுந்து விழுந்து சிரித்தான். அதை வேலை இடத்தில் சொன்னான், மீன் கடையில் சொன்னான், முடி வெட்டும் இடத்தில் சொன்னான். "எம் பொண்டாட்டி அவளுக்காகவே குளிக்கிறாளாம்பா!"

அவனுடைய அக்கா ரத்மிலா கீழ்த்தளத்தில் குடியிருந்தாள். விதவை. தம்பி வீட்டுச் சமையலறைக்கு அவளிடம் ஒரு சாவி உண்டு, நாக்குக்குப் பூட்டு கிடையாது.

"வந்துட்டா பாரு நம்ம வீட்டுக் கடல்கன்னி! உயிரே, செதில் எல்லாம் கீழ உதிராம வா, இப்பத்தான் கூட்டினேன்."

"ரத்மிலா, உனக்கும் ஒரு நீச்சலுடை வாங்கித் தரவா?"

"எனக்கா? நான் ஒருதடவ பட்டது போதும். பஸ் ஜன்னல் ஓரமா உக்காந்து வந்ததுக்கே மூஞ்சி கோணிப்போச்சு. மூணு வாரம் வாய் ஒரு பக்கம் தொங்கிக்கிட்டுக் கெடந்தேன். வறுத்த உப்பைக் கம்பளிக் காலுறையில கட்டி ஒத்தடம் குடுத்து நானே சரி பண்ணிக்கிட்டேன். டாக்டர் எவனும் வரல. நீ ஆத்துக்குள்ளயே போய் உக்காரு. உனக்கு மூஞ்சி முதுகுக்குப் போயிடும்."

ஸ்டுட்கார்ட்டில் இருந்த மகள் மீனா மட்டும் தொலைபேசியில் கைகொட்டினாள். "விடாதம்மா. இவங்க காத்துக் கதையெல்லாம் காதுலயே போட்டுக்காத." யாஸ்னாவும் போட்டுக்கொள்ளவில்லை. நாத்தனார் பேசப் பேச இவள் தலையைத் துவட்டிக்கொண்டே பாட்டு முணுமுணுப்பாள். அதுதான் அந்த வீட்டில் யாராலும் பொறுக்க முடியாததாக இருந்தது.

டிசம்பர் பத்தொன்பது புனித நிக்கோலா நாள். புதிமிரின் குடும்பத்துக்கு அவர்தான் காவல். இந்த நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் வருவார்கள், கதவு திறந்திருக்க வேண்டும், மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்க வேண்டும், வீட்டுத்தலைவன் உட்காராமல் நின்று உபசரிக்க வேண்டும். பாதிரியார் சாமி வீடு வீடாக வந்து ரொட்டி வெட்டி ஆசீர்வதிப்பார். நோன்புக் காலம் என்பதால் இறைச்சி கிடையாது. யாஸ்னா முந்தின நாள் முழுக்க நின்று கெண்டை மீனைச் சுத்தம் செய்து, பீன்ஸை வேகவைத்து, கோதுமையில் வால்நட்டும் சர்க்கரையும் கலந்து பிசைந்து, ரொட்டியின் மேல் மாவாலேயே சிலுவையும் திராட்சைக் கொத்தும் செய்து ஒட்டினாள். எல்லாம் முடிந்தது. ஆகவே விடியும்போது ஆற்றுக்குப் போனாள்.

"இன்னைக்கு ஒருநாளாவது போகாம இருக்கக் கூடாதா? சாமி ரொட்டி வெட்ட வர்றாரு!" என்றான் புதிமிர்.

"சாமி வர்றதுக்குள்ள வந்துடுவேன்."

வந்தும்விட்டாள். கன்னம் சிவந்து, குல்லாய்க்கு வெளியே முடி ஈரமாக நீட்டிக்கொண்டிருக்க, வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சமையலறைக்குள் நுழைந்தாள். எதெல்காவும் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தாள். அடுப்பில் மீன் மணத்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. ரத்மிலா ஏதோ குத்தலாகச் சொன்னாள். அதற்கு ஒரு பதில் யாஸ்னாவின் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னாள்.

வாயிலிருந்து வந்தது அந்தப் பதில் அல்ல. "கதவு மீனு," என்று வந்தது. "மீனு, கதவ... கதவ..."

கையிலிருந்த கரண்டி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். வலதுகை போகவில்லை. யாரோ தெரியாதவருடைய கையை அவள் தோளில் மாட்டிவிட்டதுபோல அது தொங்கியது. அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தாள்.

"புதிமிர்! ஓடி வா! சொன்னேன்ல? நான் சொன்னேன்ல?" ரத்மிலாவின் குரலில் பயத்தைவிட வெற்றிதான் முந்திக்கொண்டு வந்தது. "வாயப் பாரு, ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. எனக்கு வந்த அதே காத்துதான்!"

இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய் விருந்து அறைக்குப் பக்கத்து அறையில் படுக்க வைத்தார்கள். ரத்மிலா ஜன்னலை இறுக்கிச் சாத்தினாள், கதவடியில் துண்டைச் சுருட்டி வைத்தாள். உப்பை வறுத்துக் காலுறையில் கொட்டிக் கன்னத்தில் வைத்தாள். பிளம் சாராயத்தை உள்ளங்காலில் தேய்த்து, கம்பளியால் தலையைச் சுற்றினாள். எல்லாம் முறையாக, அன்போடுகூடத்தான் செய்தாள். யாஸ்னாவுக்கு உப்புச் சூடு இடது கன்னத்தில் பட்டால் சுட்டது, வலது கன்னத்தில் பட்டால் தெரியவே இல்லை. இது காற்று இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று உள்ளுக்குள் கத்தினாள். வெளியே வந்தது வெறும் எச்சில்.

புதிமிர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் வலதுகையைத் தூக்கினான். விட்டான். அது பொத்தென்று போர்வைமேல் விழுந்தது. மறுபடி தூக்கினான். மறுபடி விழுந்தது. அவன் முகம் வெளுத்தது. அவனும் முட்டாள் இல்லை. அவனுடைய தந்தை போனதும் இப்படித்தான்.

"ரத்மிலா, உன் கை இப்படி ஆகலையே."

"ஆகும் ஆகும். அவ ஆத்துல ஊறினவ, காத்து கைக்கும் இறங்கியிருக்கு. வெதுவெதுன்னு வெச்சா சாயங்காலம் எந்திரிச்சு ஆடுவா."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடுவோமா?"

அவன் தொலைபேசியைக் கையில் எடுத்தான். யாஸ்னா அவன் கண்ணையே பார்த்தாள். முப்பது வருடத்தில் அவனிடம் அவள் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அவளுக்கு இயங்கிக்கொண்டிருந்த பாதி முகம் முழுக்க அந்த ஒரு வேண்டுதல்தான் இருந்தது. அவன் விரல் எண்களின் மேல் வந்தது.

அப்போது வாசல் மணி அடித்தது. சாமி வந்துவிட்டார்.

வீட்டுத்தலைவன் இல்லாமல் ரொட்டி வெட்ட முடியாது. பாதிரியாரும் அவனும் சேர்ந்து ரொட்டியைக் கையில் பிடித்துச் சுற்ற வேண்டும், வைன் ஊற்ற வேண்டும். அப்பன் செய்தது, பாட்டன் செய்தது, கம்யூனிஸ்டுகள் காலத்தில் திரை போட்டு மறைத்துக்கொண்டாவது செய்தது. சாமிக்கு அன்று இன்னும் பத்து வீடாவது பாக்கி. அவர் வாசலில் நிற்க, படியில் ஆம்புலன்ஸ்காரர்கள் ஏற, தெருவே வேடிக்கை பார்க்க, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு அவன் ஓட வேண்டுமா?

"ரொட்டி வெட்டினதும் பாத்துக்கலாம்," என்றான். சொல்லும்போது மனைவியைப் பார்க்கவில்லை. தொலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு சட்டைக் காலரைச் சரிசெய்தபடி போனான்.

ரொட்டி வெட்டி முடிந்ததும் முதல் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே அடுத்தவர்கள். யாஸ்னா சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள். வாழ்த்துகள் கேட்டன. கோதுமைக் கிண்ணத்தில் கரண்டிகள் தட்டுவது கேட்டது. தன் மீனைப் புகழ்வது கேட்டது.

"யாஸ்னா எங்க?"

"படுத்திருக்கா. ஈரத்தலையோட வந்து காத்து அடிச்சிடுச்சு."

"ஐயோ பாவம்! சொன்னா கேக்கணும்ல? இந்த வயசுல எதுக்கு இந்த ஆட்டம்?"

"ஆட்டம்தான். இளமை திரும்புதாம். திரும்பின இளமை இப்ப பக்கத்து ரூம்ல படுத்திருக்கு!" இது ரத்மிலா. அறையே சிரித்தது. புதிமிரும் சிரித்தான். விருந்தாளி சிரிக்கும்போது வீட்டுத்தலைவன் சிரிக்காமல் இருக்கக் கூடாது.

சிலர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். கம்பளிக்குள்ளிருந்து ஒரு கண் தங்களையே பார்ப்பதைக் கண்டு, "தூங்கட்டும், தூங்கட்டும்," என்று அவசரமாகச் சாத்தினார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் காற்று வருகிறது என்று ரத்மிலா அவர்களைத் திட்டினாள். யாஸ்னா இடதுகையால் மேசையிலிருந்த கண்ணாடி டம்ளரைத் தள்ளி உடைத்தாள். ரத்மிலா வந்து கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கினாள், டம்ளர் இருந்த மேசையைக் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்திவிட்டுப் போனாள்.

மத்தியானம் மகள் அழைத்தாள். திருநாள் வாழ்த்து சொன்னாள். "அம்மாவக் காட்டுங்க."

"அம்மா படுத்திருக்காம்மா. காத்து அடிச்சிடுச்சு."

மறுமுனையில் மீனா வாய்விட்டுச் சிரிப்பது சுவர் தாண்டிக் கேட்டது. "அப்பா, உங்களுக்குக் காத்து இல்லாம வியாதியே கிடையாதா? ஜன்னலத் தொறந்து விடுங்க, எந்திரிச்சு வருவா. நாளைக்குப் பேசறேன்." சின்ன வயதிலிருந்தே ஆயிரம் தடவை கேட்ட காற்று. அதில் ஒருதடவை அதற்குள்ளே வேறு ஏதாவது இருக்கும் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? யாஸ்னா அந்தச் சிரிப்பைக் கேட்டாள். அதுவரை அழாதவள் அப்போது அழுதாள். கண்ணீர் ஒரு கன்னத்தில் மட்டும்தான் தெரிந்தது.

இருட்டத் தொடங்கியபோது எதெல்கா வந்தாள், ஒரு பாட்டில் வைனும் ஒரு செடித் தொட்டியுமாக. யாஸ்னாவுக்குக் காற்று அடித்துவிட்டது என்று சொன்னதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக உள்ளே போனாள். கம்பளியை விலக்கினாள்.

"எப்பலருந்து இப்படி இருக்கா?"

"காலைலருந்து. ஆனா இப்பக் கொஞ்சம் அமைதியா..."

"காலைலருந்தா? மனுஷங்களா நீங்க?"

எதெல்கா தன் தொலைபேசியிலேயே ஆம்புலன்ஸை அழைத்தாள். அவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனபோது வாசல் கதவும் மாடிக் கதவும் ஒருசேரத் திறந்துகொண்டு, புனித நிக்கோலாவின் மெழுகுவர்த்தி அணைந்துபோனது. ரத்மிலா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இளவயது மருத்துவர் ஒருத்தி ஒரே கேள்வி கேட்டாள். "எப்ப ஆரம்பிச்சது?" புதிமிர் பதில் சொன்னான். அவள் எழுதுவதை நிறுத்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூளைல அடைச்ச ரத்தக் கட்டியக் கரைக்க மருந்து இருக்கு. முதல் சில மணி நேரத்துக்குள்ள குடுக்கணும். அந்த நேரமெல்லாம் போயிடுச்சு."

"டாக்டர், அவ ஈரத்தலையோட... ஆத்துல..."

"ஆறு இல்லைங்க. கழுத்து ரத்தக் குழாய்ல ரொம்ப வருஷமா சேந்த அடைப்பு. ஆறு இல்லாட்டியும் இது வந்திருக்கும். உடம்பு நல்லாத் தேறியிருந்ததாலதான் இன்னைக்குப் பொழச்சுக் கெடக்காங்க. காலைலயே கூட்டிட்டு வந்திருந்தா நடந்தே வீட்டுக்குப் போயிருக்கலாம்."

புதிமிர் தலையை ஆட்டினான். அவன் காதில் எல்லாம் தெளிவாக விழுந்தது. அதை அவன் வாழ்நாளில் யாரிடமும் திரும்பச் சொல்லவில்லை. இதைக் கோழைத்தனம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்தப் பையிலிருந்த தொலைபேசியை நினைத்து அவன் இரவுகளில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுததும் உண்மைதான். அழுதுவிட்டுக் காலையில் எழுந்து, வருகிறவர்களிடம் ஈரத்தலையைப் பற்றிச் சொல்வான். சொல்லச் சொல்ல அவனுக்கு அது உண்மையாகிக்கொண்டே வந்தது. ஊரும் அவனுக்கு உதவியது. அம்மாக்கள் மகள்களிடம் யாஸ்னாவைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேரை வீட்டில் தடுத்துவிட்டார்கள்.

யாஸ்னா பிழைத்தாள். வலதுகை செத்தது, வலதுகால் இழுத்தது. தலைக்குள் எல்லாம் இருந்தபடியே இருந்தது. யார் என்ன சொன்னாலும் புரிந்தது, எல்லாப் பெயரும் நினைவிருந்தது. வாய்க்குத்தான் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. ஆமா. வேறு எதைச் சொல்ல முயன்றாலும் அந்தச் சொல்தான் வந்து நின்றது. தண்ணீர் வேண்டும் என்று சொல்லப்போனால் ஆமா. வேண்டாம் என்று சொல்லப்போனாலும் ஆமா.

உடற்பயிற்சி சொல்லித்தர ஒருத்தர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அவள் கால் கொஞ்சம் கொஞ்சமாக உயிர்பெற்றது. ஒருநாள் அவர் வியர்க்கிறதென்று ஜன்னலைத் திறந்தார். ரத்மிலா போட்ட சத்தத்தில் அவர் மறுவாரம் வரவில்லை. புதிமிரும் கூப்பிடவில்லை. அவன் அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். ஊட்டினான், கழுவினான், தலை சீவினான். எப்போதும் கம்பளிச் சால்வை போர்த்தி, காலுறை மேல் காலுறை போட்டு, ஜன்னல் சாத்திய அறையில் உட்கார வைத்தான். இவ்வளவு அடக்கமாக அவள் அந்த வீட்டில் எப்போதுமே இருந்ததில்லை.

ஜூன் மாதத்தில் எதெல்கா வந்தாள். அதற்கு முன்பும் வந்திருக்கிறாள், வாசலோடு அனுப்பியிருக்கிறார்கள். இந்தமுறை புதிமிரையும் ரத்மிலாவையும் தள்ளிக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள். யாஸ்னாவின் முன்னால் மண்டியிட்டு, உயிருள்ள கையைப் பிடித்துக்கொண்டு, அவளிடமே பேசினாள்.

"வெந்நீர் ஊற்று இருக்கே, அந்த ஆஸ்பத்திரியில பேசிட்டேன். வாரம் ரெண்டு நாள். மார்பு வரைக்கும் தண்ணி, சூடா இருக்கும், ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சுப்பாங்க. தண்ணில கால் தானா வரும்னு சொல்றாங்க. நான் வண்டியில கூட்டிட்டுப் போறேன், நானும் கூட இறங்கறேன். வர்றியா?"

தண்ணீர் என்ற சொல் யாஸ்னாவின் தோலில் பட்டது. குறுகுறுத்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து அரையடி எழும்பினாள். ஆறு மாதமாக வாயில் கிடந்து இற்றுப்போன அந்தச் சொல்லை முதல்தடவையாக அவளே தேடி எடுத்தாள், முழுப் பலத்தோடு சொன்னாள்.

"ஆமா!"

"பாத்தீங்களா?" எதெல்கா திரும்பினாள். அவள் கண் நிறைந்திருந்தது. "வரேங்கறா."

"அவ எல்லாத்துக்கும் அதத்தான் சொல்லுவா," என்றான் புதிமிர், களைப்போடு. "உனக்கு ஆசையா இருக்கு, அதான் அப்படித் தெரியுது. இங்க பாரு." குனிந்து மனைவியின் முகத்தருகே வந்தான். குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாகக் கேட்டான். "யாஸ்னா, தண்ணிக்குப் போகவே உனக்குப் பிடிக்கலைதானே?"

அவளுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். எங்கே போனாலும் முட்டுகிற அந்தச் சுவரைத் தாண்டி 'இல்லை' என்ற ஒன்றே ஒன்றைப் பிடித்துவிட, நெற்றி நரம்பு புடைக்கத் துழாவினாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள். வாய் திறந்தது.

"ஆமா."

"இந்தப் பொம்பளதானே உன்ன ஆத்துக்கு இழுத்துட்டுப்போய்க் கெடுத்தா?" இது ரத்மிலா.

"ஆமா... ஆமா, ஆமா!" யாஸ்னா இடதுகையால் நாற்காலியை அறைந்தாள்.

"கோவத்தப் பாரு, அவ வாயாலயே சொல்லிட்டா. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

எதெல்கா எழுந்து நின்றாள். புதிமிரின் கையெழுத்து இல்லாமல் ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "நான் மறுபடி வருவேன்," என்றாள். யாஸ்னாவிடம் சொன்னாளா, அவர்களிடம் சொன்னாளா தெரியவில்லை. ரத்மிலா அவளோடு கீழே இறங்கிப்போய் வாசல் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

யாஸ்னாவின் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. புதிமிர் அவள் முகத்தைத் துடைத்துவிட்டான். வெளியே வெயில் கொளுத்தியது. தெருவில் பிள்ளைகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார்கள்.

"நடுங்குறியே," என்றான் கவலையோடு. "குளிருதா?"

"ஆமா," என்றாள் யாஸ்னா.

அவன் உள்ளே போய் இன்னொரு கம்பளி எடுத்து வந்து போர்த்தினான்.